இசைக்கவை போட்ட கோடு

1860 ஏப்ரல் 9 அன்று பாரிஸ் நகரில் ஒருவர் பெரிய குழல்வாய் ஒன்றின் முன் நின்று, பிரெஞ்சுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ‘ஓ கிளேர் த லா லூன்’ என்ற நிலாப் பாட்டிலிருந்து ஓர் அடியை மெதுவாகப் பாடினார். குழலின் மறுமுனையில் ஒரு சவ்வு அதிர்ந்தது. சவ்வோடு இணைந்திருந்த முரட்டு மயிர், கரிப்புகை படிந்த காகிதத்தில் நெளிநெளியாகக் கோடு கிழித்தது. பாட்டு முடிந்ததும் உருளையிலிருந்து காகிதத்தை எடுத்து, கரி உதிராதபடி பதப்படுத்தி, தேதி எழுதி வைத்தார்கள். அதைத் திரும்ப ஒலிக்கவைக்கலாம் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இல்லை. ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் எடிசனின் போனோகிராஃப் வருவதற்கு இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன.

அந்தப் பாட்டை இன்று கைபேசியில் கேட்கலாம். தேடினால் உடனே கிடைக்கும். இணையத்தில் எத்தனையோ விசித்திரங்களைப் பார்த்து மறந்திருக்கிறேன். இதை மட்டும் மறக்க முடியவில்லை. காதொலிப்பானைக் காதில் பொருத்திக்கொண்டு, அறையில் சத்தமில்லாத நேரத்தில் கேளுங்கள். முதலில் இரைச்சல்தான் வரும். பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் எழும்பும். சொற்கள் தெளிவாக இருக்காது, மெட்டு தெளிவாக இருக்கும். சுருதியில் நிற்க அந்தக் குரல் படும் பாடு கூடத் தெரியும். பாடியவர் தன் பாட்டை ஒருபோதும் கேட்டதில்லை. கேட்க முடியும் என்று தெரியாமலேயே அவர் இறந்தும் போனார்.

அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் எடுவார்-லியோன் ஸ்காட் டி மார்ட்டின்வில். 1817இல் பிறந்தவர். பெரிய விஞ்ஞானி அல்லர். அச்சுத் தொழிலில் இருந்தவர், மெய்ப்புத் திருத்தியவர். 1850களின் தொடக்கத்தில் உடலியல் நூல் ஒன்றின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனிதக் காதின் அமைப்பைக் காட்டும் படங்கள் அவர் கண்ணில் பட்டன. செவிப்பறை, அதை ஒட்டிய சிறு எலும்புகள், அதிர்வு உள்ளே போகும் பாதை. ஒளியைப் பிடித்துவைக்கப் புகைப்படக் கருவி வந்துவிட்டது. இந்தக் காதைப் போல ஒன்றைச் செய்தால் ஒலியையும் பிடித்துவைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மெய்ப்புத் திருத்துபவருக்கு இது தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. நாள் முழுவதும் கோடுகளையும் எழுத்துகளையும் கூர்ந்து பார்ப்பவர் அவர். பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. அந்த எழுத்தைக் கண்ணால் படித்துப் பழகிவிட்டால் சுருக்கெழுத்தாளர் தேவையில்லை. பெரிய நடிகர்களும் பாடகர்களும் மறைந்தாலும் அவர்கள் குரலின் சாயல் காகிதத்தில் நிற்கும். 1857 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். கருவிக்கு ‘ஃபோனாட்டோகிராஃப்’ என்று பெயர் வைத்தார்.

ஸ்காட்டின் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கறுத்த பின்னணியில் வெண்ணிறக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. உருளையைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து விரித்திருப்பதால், ஒரே நீண்ட கோடு பல வரிகளாகத் தெரிகிறது. குரல் உரக்க வந்த இடங்களில் அலை உயர்கிறது. மூச்சு வாங்கிய இடத்தில் கோடு அநேகமாக நேராக ஓடுகிறது. 1860ஆம் ஆண்டுத் தாள்களில் குரலின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போகிறது. அதில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. ஒரே அளவில், ஒரே மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை சின்னச் சின்ன அலை. பார்ப்பதற்கு அழகாக இருப்பது குரலின் கோடுதான். ஆனால் இந்தக் கதையைத் தாங்கி நிற்பது அந்த இரண்டாவது கோடு. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

1877இல் எடிசன் தகரத்தாளில் குரலைப் பதித்து, அதைத் திரும்ப ஒலிக்கவைத்தார். உலகம் அவரைக் கொண்டாடியது. ஸ்காட் அப்போது பாரிஸில் படங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். தன் உழைப்புக்கு உரிய பெயர் தனக்குக் கிடைக்கவில்லை என்று 1878இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். ஒலியை எழுதுவதுதான் தன் நோக்கம், திரும்ப எழுப்புவது அன்று என்ற வாதத்தில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார். 1879இல் காலமானார். அதன்பின் ஒலிப்பதிவின் வரலாற்றில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புதான் மிஞ்சியது. ஆனால் அவர் தம் தாள்களை வீட்டு அலமாரியோடு விட்டுவிடவில்லை. காப்புரிமை அலுவலகத்திலும் பிரெஞ்சு அறிவியல் கழகத்திலும் முறையாக ஒப்படைத்திருந்தார்.

அவற்றைத் தேடிப் போனவர்கள் அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ்’ குழுவினர். பழைய ஒலிப்பதிவுகளில் ஈடுபாடு கொண்ட நான்கைந்து பேர் 2007இல் தொடங்கிய குழு அது. அதில் ஒருவரான டேவிட் ஜியோவனோனி, முதலில் பாரிஸில் உள்ள காப்புரிமை ஆவணங்களைப் பார்த்தார்; 2008 மார்ச்சில் அறிவியல் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் 1860ஆம் ஆண்டுத் தாள்களைக் கண்டார். மிக நுணுக்கமாகப் படமெடுத்து, கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே கார்ல் ஹேபர், ஏர்ல் கார்னெல் என்ற இருவர் பழைய இசைத்தட்டுகளை ஊசி படாமல் கேட்பதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். தட்டின் பள்ளங்களைப் படமெடுத்துவிட்டால், அந்தப் படத்தின் மேல் கணினியே ஓர் ஊசியைப் போல நகர்ந்து, கோடு எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு அதை ஒலியாக்கிவிடும். பள்ளத்துக்குப் பதில் புகைக்கரியில் கிழித்த கோடு இருந்தால் என்ன? கோடு கோடுதான். மார்ச் மாதக் கடைசியிலேயே அந்தப் பாட்டு உலகத்தின் காதில் விழுந்துவிட்டது. 148 ஆண்டுகள் கிடந்த ஒன்று, படமெடுத்த சில வாரங்களில் குரலாகிவிட்டது.

இப்போது அந்த இரண்டாவது கோடு. ஸ்காட்டின் உருளையைக் கையால்தான் சுழற்ற வேண்டும். கை ஒரே வேகத்தில் சுழலாது. சற்று விரையும், சற்றுத் தயங்கும். குரலின் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியை எடுத்தால், மெட்டு கண்டபடி ஏறி இறங்கி, பாட்டா ஓலமா என்றே தெரியாமல் போகும். இதை உணர்ந்த ஸ்காட், 1860இல் ஓர் இசைக்கவையையும், அதாவது தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரு கிளை உலோகக் கவையையும், பக்கத்தில் வைத்து அதிரவிட்டார். கவை எப்போதும் ஒரே எண்ணிக்கையில்தான் அதிரும். எனவே அதன் கோட்டில் உள்ள ஒவ்வொரு அலையும் மாறாத ஒரே கால அளவு. அலைகள் நெருங்கியிருந்தால் கை மெதுவாகச் சுழன்றிருக்கிறது, விலகியிருந்தால் வேகமாகச் சுழன்றிருக்கிறது. கணினியில் அந்த அலைகளையெல்லாம் சம அகலத்துக்குக் கொண்டுவந்தால், கூடவே குரலும் நேராகிவிடும். ஒலியைத் திரும்பக் கேட்பது பற்றி நினைத்தே பார்க்காத ஒருவர், தன் அளவீடு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்த வேலை இது. அந்த நேர்மைதான் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய குரலை மீட்டுக் கொடுத்தது.

2008இல் செய்தியாக வந்தபோது உலகம் கேட்டது பத்து நொடிப் பாட்டு. இளம்பெண் ஒருத்தியின் குரல் போல மெல்லியதாக இருந்தது. ஸ்காட்டின் மகளாக இருக்கலாம் என்று கூட ஊகித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குழுவினரே வேறு கணக்கைச் சொன்னார்கள். கவையின் அதிர்வு நொடிக்கு 500 என்று ஸ்காட் குறித்திருந்தார். ஆனால் அக்காலப் பிரெஞ்சு வழக்கத்தில் கவை ஒரு பக்கம் போவது ஓர் அதிர்வு, திரும்பி வருவது இன்னோர் அதிர்வு. நாம் இன்று போய்வருவதைச் சேர்த்து ஒன்று என்கிறோம். ஆகவே நம் கணக்கில் அது 250தான். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருந்தார்கள். வேகத்தைப் பாதியாக்கியதும் பெண் குரல் மறைந்தது. நடுவயது ஆண் ஒருவர், வேண்டுமென்றே நிதானமாக, ஒவ்வொரு சுரமாக இழுத்துப் பாடுவது வந்தது. பெரும்பாலும் ஸ்காட்டேதான். அவசரமாக வெளியிட்டதைத் தாங்களே திருத்தி, திருத்தத்துக்கான காரணத்தையும் விரிவாக எழுதிய அந்தக் குழுவினர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வருத்தம் என்னவென்றால், அந்தப் பெண் குரல்தான் இன்றும் அதிகம் சுற்றுகிறது. ‘உலகின் முதல் ஒலிப்பதிவு’ என்ற தலைப்போடு வரும் காணொளிகளில் அதைத்தான் பெரும்பாலும் கேட்கிறேன். பாட்டு பறந்துவிட்டது, விளக்கம் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகு இந்தத் துறையில் எதைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தப் பக்கத்துக் கோட்டைத்தான். அதாவது, பதிவைச் செய்தவர் கூடவே விட்டுச்சென்ற சிறு குறிப்பை. அது இருக்கும் இடங்களிலெல்லாம் அதிசயங்கள் நடந்திருக்கின்றன.

கார்ல் ஹேபர் அடிப்படையில் துகள் இயற்பியலாளர். நுண்துகள்களின் பாதையைப் பதியும் கருவிகளோடு வேலை செய்தவர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய பதிவுகள் உதிர்ந்து அழிகின்றன என்ற செய்தியை வானொலியில் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார். ஸ்காட்டின் தாள்களுக்குப் பின் அவர் கைக்கு வந்தவற்றில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் தட்டுகளும் இருந்தன. தொலைபேசியைத் தந்த பெல், 1880களில் வாஷிங்டனில் இருந்த தன் ஆய்வகத்தில் மெழுகிலும் கண்ணாடியிலும் ஒலியைப் பதிந்து பார்த்து, அவற்றை ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். எந்த ஊசியாலும் அவற்றை ஓட்ட முடியாத நிலை. 1885 ஏப்ரல் 15 என்று தேதியிட்ட மெழுகு பூசிய அட்டைத் தட்டு ஒன்றிலிருந்து, நாலரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பேச்சு கிடைத்தது. பேச்சில் பெரும்பகுதி வெறும் எண்கள்: ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார், டாலர் கணக்கு சொல்கிறார். ஆனால் கடைசியில், இது என் குரல் என்று அறிவித்துத் தன் முழுப் பெயரைச் சொல்கிறார். அதே பேச்சைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டும் வைத்திருந்தார். 2013இல் வெளியானபோது, பெல்லின் குரல்தானா என்ற சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ் குழுவின் பேட்ரிக் ஃபீஸ்டர் செய்தது இதைவிட விசித்திரம். கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமீல் பெர்லினரின் பதிவு ஒன்றை, 1890ஆம் ஆண்டு ஜெர்மன் பத்திரிகை ஒன்று படமாக அச்சிட்டிருந்தது. கிராமபோன் தட்டு இப்படித்தான் இருக்கும் என்று வாசகர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட படம். தட்டு போய்விட்டது, படம் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. ஃபீஸ்டர் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, சுருள் கோட்டை நீட்டி நேராக்கி, ஒலியாக மாற்றினார். ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் கதைப்பாடல் ஒன்றை பெர்லினர் சொல்வது கேட்டது. பத்திரிகைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்! அந்தப் பக்கத்தை அச்சிட்டவர் கோடுகளை ஒப்புக்கு வரையாமல், உள்ளபடியே நகலெடுத்திருக்கிறார். அவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

படத்துக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. தொலைக்காட்சியின் முன்னோடி ஜான் லோகி பெயர்ட், 1927–28இல் தன் தொலைக்காட்சிச் சமிக்ஞையை இசைத்தட்டுகளில் பதிந்தார். ஒரு படத்துக்கு வெறும் 30 வரிகள். நொடிக்கு நான்கு படங்கள் அளவில். முகங்களைக் காட்டும் விளக்குகளின் சூட்டை மனிதர்கள் தாங்குவது கடினம் என்பதால், முதலில் ‘ஸ்டூக்கி பில்’ என்ற பொம்மைத் தலையை முன்னால் வைத்தார். பதிந்தாரே தவிர, சரியாகத் திரும்பப் பார்க்க அவரால் இயலவில்லை. தட்டை ஓட்டினால் வருவது சீரற்ற கரகரப்புதான். 1980களில் டொனால்ட் மெக்லீன் என்ற பொறியாளர் அந்தக் கரகரப்பைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். பெயர்ட் தன் கேமராவையும் தட்டு சுழலும் மேடையையும் இயந்திரப் பூட்டால் இணைத்திருந்தார் என்று தெரிந்தது. தட்டு ஒருமுறை சுற்றுவதற்குள் சரியாக மூன்று படங்கள். இந்த ஒழுங்கு கைக்குக் கிடைத்ததும், பூட்டின் ஆட்டத்தால் விளைந்த பிழைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். 1927 செப்டம்பர் 20 அன்று பதிவான பொம்மைத் தலை திரையில் வந்தது. இன்னொரு தட்டிலிருந்து பெயர்ட்டின் கூடத்தில் உட்கார்ந்து தலையைத் திருப்பிச் சிரிக்கும் ஒரு பெண்ணும் வந்தார். மங்கலான ஆரஞ்சு நிழலாகத் தெரியும் அந்த முகத்தில் உயிர் இருக்கிறது. இதையும் தேடிப் பாருங்கள்.

அந்தக் குறிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் ரிச்சர்ட் உட்பிரிட்ஜ் என்பவர் பொறியியல் ஆய்விதழ் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். குயவர் சக்கரத்தில் பானை சுழலும்போது, அவர் கையிலுள்ள குச்சி போடும் வரியில் அந்த அறையின் சத்தம் பதிந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. எவ்வளவு அழகான கருத்து! எனக்கும் அது மெய்யாக இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் எந்தப் பழங்காலப் பானையிலிருந்தும் இதுவரை யாரும் மனிதப் பேச்சை எடுத்துக் காட்டியதில்லை. பழைய ரோமானிய நகரமான பாம்ப்பெயின் பானையிலிருந்து சிரிப்பொலி கேட்பதாகச் சுற்றும் காணொளி, பெல்ஜியத்தில் வேடிக்கைக்காகத் தயாரிக்கப்பட்டது. அது வேடிக்கை என்ற குறிப்பு வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. ஆபிரகாம் லிங்கனின் குரலை ஸ்காட் பதிந்தார், அந்தத் தாள் எங்கேயோ இருக்கிறது என்ற கதையும் அப்படித்தான். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பானைக்குத் தேதி உண்டு, ஆனால் சக்கரம் எந்த வேகத்தில் சுழன்றது என்று சொல்ல எந்தக் கவையும் பக்கத்தில் அதிரவில்லை.

நம் பக்கத்து இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி பழக்கமாக இருக்கும். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில், தன் பெயர் கௌஹர் ஜான் என்று உரக்க அறிவிக்கிறார். கேட்பவரை அது சிலிர்க்க வைக்கும். ஆனால் அதில் நடைமுறைத் தேவையும் இருந்தது. மெழுகுப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே உள்ளவர்களுக்கு இந்தியக் குரல்களைப் பிரித்தறிய முடியாது. பெட்டியில் ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் குரலோடு பெயர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சீட்டு குரலுக்குள்ளேயே இருக்கிறது. பெயரை அறிவிக்கும் அந்த வழக்கம் இந்தியாவின் பல பாடகர்களுடைய தட்டுகளிலும் கேட்கும்.

தமிழ்க் குரல் ஒன்று பாரிஸ் வரை போன கதையும் இதோடு சேர்ந்ததுதான். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் 1912 வாக்கில் இந்தியாவில் பயணம் செய்தார். கோயமுத்தூர் தாயி பாடிய கிராமபோன் தட்டுகள் அவரை ஆட்கொண்டன. அவற்றில் ஒன்றை ஆதாரமாக வைத்து ‘ராகமாலிகா’ என்ற பியானோ இசையை எழுதினார். அதில் பியானோவின் ஒரு தந்தியில் அட்டைத் துண்டைச் செருகி ஒலியை மட்டுப்படுத்தச் சொல்கிறார். மேற்கத்திய இசையில் அதற்கு முன் அநேகமாக யாரும் செய்யாதது. அந்த இசை தாயியின் பாட்டை எவ்வளவு நெருக்கமாகத் தொடர்கிறது என்பதை இசை வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்லர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார். தட்டையும் பியானோ இசையையும் அடுத்தடுத்துக் கேட்டால், கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த ஒருவரின் கை தெரிகிறது. தட்டில் பெயரும் எண்ணும் இருந்ததால்தான், பியானோ இசைக்குப் பின்னால் நின்ற பாடகியை நம்மால் இன்று பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

பழைய தமிழ் இசைத்தட்டுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் அவற்றை இணையத்தில் ஏற்றுகிறார்கள். பெரிய தொண்டு அது. ஆனால் பாட்டுக்கு மேல் ஒரு தாமரைப் படத்தையோ கோபுரப் படத்தையோ போட்டுவிட்டு, தட்டைக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் போடுங்கள். சீட்டுக்கு வெளியே, பாட்டு முடியும் வெற்றிடத்தில், கறுப்பின் மேல் கறுப்பாகச் சில எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பதிவைச் செய்தவர்கள் இட்ட அடையாளம் அது. எந்தக் காலத்தில், எந்தப் பயணத்தில் பதிவானது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். அதையும் எழுதுங்கள். தட்டை எந்த வேகத்தில் ஓட்டி எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அந்நாளைய தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் சற்று மாறினாலும் பாடகரின் சுருதி மாறிவிடும், வயதும் மாறிவிடும். இரைச்சலை நீக்கிய பிரதியை ஏற்றினால், நீக்காத பிரதியையும் கூடவே வையுங்கள்.